“அவ விரும்பித்தானே போனவ?”

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வைத்தியத்துறைக்குப் போன பழைய மாணவிகள் சார்பில் இந்த மேடையில் நிற்கிறோம். பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை என்று பேச எவ்வளவோ உண்டு. ஆனால் வார்ட்டுகளிலும் கிளினிக்குகளிலும் பெண்களின் உடலில் நாங்கள் காணும் சில காயங்களுக்கு மருத்துவ நூல்களில் பெயர் இல்லை, சட்ட நூலில்தான் இருக்கிறது. அந்தப் பெயர் மனித வியாபாரம். இன்று அதைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். சங்கத்தினரும் மறுக்காமல் தந்தார்கள். அதற்கு முதலில் நன்றி.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் புறக்கோட்டை, பஸ் ஏறினால் கட்டுநாயக்க. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களிலும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் அர்ச்சனைத் தட்டுடன் நிற்பவர்களிலும் நாளைக்கு விமானம் ஏறப் போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து லொட்ஜுகளிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருப்பவர்களை “வெளிநாடு போக வந்து நிற்கிறவை” என்று சொல்லியே நாம் வளர்ந்தோம். அவர்களில் பலர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள், வீடு கட்டினார்கள், தங்கைமாருக்குக் கலியாணம் செய்து வைத்தார்கள். வேறு சிலருக்கு என்ன நடந்தது என்று நாம் கேட்டதில்லை. பிறகு ஏதும் தெரியவந்தாலும், “அவ விரும்பித்தானே போனவ?” என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அந்த வரியைச் சட்டம் ஏற்றுக்கொள்வதில்லை. ஏன் ஏற்பதில்லை என்று விளங்கிக்கொண்டால், மனித வியாபாரம் என்றால் என்ன என்பதும் விளங்கிவிடும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நமது பத்திரிகைகள் இதை ஆட்கடத்தல் என்றே பெரும்பாலும் எழுதுகின்றன. கடத்தல் என்றதும் நமது தலைமுறைக்கு நினைவில் வருவது வெள்ளை வேன். கதவு திறக்கும், ஆளை இழுத்துப் போடுவார்கள், வேன் போய்விடும். ஆனால் மனித வியாபாரத்தில் அகப்படும் பெண் தானே உடுத்து, தானே பெட்டி கட்டி, அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, சில வேளை கடன்பட்டுக் காசும் கட்டித்தான் போகிறாள்.

இன்னொரு குழப்பம் படகுப் பயணம். 2022 நவம்பரில் கனடாவுக்கென்று புறப்பட்ட 303 இலங்கையர், பெரும்பாலும் தமிழர், லேடி ஆர்3 என்ற பழுதடைந்த கப்பலில் கடலில் தத்தளித்து, மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டது நினைவிருக்கும். காசு வாங்கி எல்லை தாண்ட வைப்பது சட்டவிரோத ஆட்கொண்டுசெல்லல். அதில் கொண்டுபோகிறவருக்கு வருமானம் பயணத்தோடு முடிகிறது. மனித வியாபாரத்தில் வருமானம் பயணம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த ஆளின் உழைப்பையோ உடலையோ உறுப்பையோ விற்பதே அதன் இலாபம். அதற்கு எல்லை தாண்டவேண்டும் என்றும் இல்லை. டயகமவிலிருந்து கொழும்புக்கு வந்தாலும் அது நடக்கலாம்.

இனி எங்கள் தொழிலுக்கு வருகிறோம். வைத்தியர்களுக்குச் சம்மதம் என்பது தினசரி வேலை. சத்திரசிகிச்சைக்கு முன்பு ஒரு படிவத்தை நீட்டிக் கையொப்பம் வாங்குகிறோம் அல்லவா? அந்தக் கையொப்பம் மட்டும் சம்மதம் ஆகாது என்று மருத்துவக் கல்லூரியிலேயே எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நாலு விடயங்கள் இருந்தால்தான் அது சம்மதம். ஒன்று, நடக்கப் போவது என்ன என்ற உண்மையான விபரம் அவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இரண்டு, அதை விளங்கிக்கொள்ளும் வயதும் மொழியும் இருக்க வேண்டும். மூன்று, நெருக்குதல் இருக்கக் கூடாது. நான்கு, மேசையில் படுத்த பிறகும் “வேண்டாம்” என்று சொல்லி எழுந்து போகும் உரிமை இருக்க வேண்டும். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் கத்தியை எடுக்க எங்களுக்கு உரிமையில்லை.

இந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டு, உலகறிந்த சில சம்பவங்களைப் பார்ப்போம்.

முதலாவது, உண்மையான விபரம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஓமானிலிருந்து வந்த செய்திகள் நாட்டையே உலுக்கின. இலங்கைப் பெண்கள் சுற்றுலா வீசாவில் ஐக்கிய அரபு இராச்சியம் வழியாகக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே வீட்டு வேலைக்கென்று விலைபேசி விற்கப்பட்டதாகவும், சிலர் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கப்பட்டதாகவும் வெளிவந்தது. மஸ்கட் தூதரகத்தில் கடமையாற்றிய அதிகாரி ஒருவரே அந்த நவம்பரில் நாடு திரும்பியபோது சந்தேகத்தின் பேரில் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண்கள் வேலைக்குப் போகச் சம்மதித்தவர்கள். விற்கப்படுவதற்குச் சம்மதித்தவர்கள் அல்லர். 

இது படிக்காத பெண்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பித் தாய்லாந்துக்குப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைத்து வைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யப் பணிக்கப்பட்டார்கள். 2024ஆம் ஆண்டு முழுவதும் அவர்களை மீட்கும் முயற்சி நடந்தது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியும், கணினி தெரியும். வேலையைப் பற்றிச் சொல்லப்பட்டது பொய் என்பது மட்டும் தெரியாது.

இரண்டாவது, வயதும் மொழியும். மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1988இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. 2005 மே மாதம் சவூதி அரேபியா போனபோது அவருக்கு 17 வயது. வீட்டு வேலைக்கென்று போனவரின் கையில் நாலு மாதக் குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பும் கொடுக்கப்பட்டது. சில வாரங்களிலேயே குழந்தை இறந்தது. பால் புரைக்கேறியது என்றார் றிசானா. கொலை என்றது வழக்கு. 2007இல் மரண தண்டனை, 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. குழந்தைக்குப் பிரேத பரிசோதனை நடக்கவில்லை என்றும், றிசானா பேசிய தமிழ் சரிவர மொழிபெயர்க்கப்படவில்லை என்றும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே சொல்லின. வைத்தியர்களாக எங்களை இன்றும் உறுத்துவது பிரேத பரிசோதனை பற்றிய அந்தச் செய்தி. நாலு மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டு முதுகு தட்ட வேண்டும் என்பது ஒரு தாய்க்கே முதல் வாரத்தில் சொல்லித்தர வேண்டிய பாடம். அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வறுமைப்பட்ட குடும்பம், போகச் சம்மதித்த பிள்ளை, வயதை மாற்றி எழுதிய ஒரு கை. இந்த மூன்றில் அதிகம் பேசப்பட வேண்டியது அந்தக் கை.

மூதூரும் சவூதியும் தூரம் என்று தோன்றினால், பக்கத்திலும் ஒன்று நடந்தது. 2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் உயிரிழந்தாள். தரகர் ஒருவர் மூலமாக வந்த பிள்ளை. குற்றவாளி யார் என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை, எங்களுடையதல்ல. ஆனால் தோட்டத்துப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் எப்படிக் கொழும்பு வீட்டுக் குசினிக்கு வந்தது என்று கேட்பது எல்லோருடைய வேலையும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் “மலைநாட்டில இருந்து ஒரு பிள்ளை எடுத்துத் தாருங்கோ” என்று கேட்கும் வழக்கம் ஒருகாலத்தில் சாதாரணமாக இருந்தது. “நாங்கள் அதை எங்கட பிள்ளை மாதிரித்தான் பார்க்கிறோம்” என்பார்கள். எங்கட பிள்ளை மாதிரி என்றால் அதுவும் காலையில் சீருடை போட்டுப் பாடசாலைக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது இந்நாட்டில் 14 ஆக இருந்து, 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வி வயதும் இன்று 16 வரை. இதற்குக் குறைந்த வயதில் ஒரு பிள்ளை எந்த வீட்டில் நின்றாலும், எவ்வளவு அன்பாக நடத்தப்பட்டாலும், அது சட்டத்துக்கு மாறானது.

மூன்றாவது, நெருக்குதல் இல்லாமை. இது எங்கள் தொழிலுக்கு மிக அருகில் வருகிறது, நமது வீதிகளுக்கும் அருகில் வருகிறது. 2022 டிசம்பரில் வடகொழும்பின் குறைந்த வருமானக் குடியிருப்புகளைச் சேர்ந்த சிலர், தங்களுக்குப் பெருந்தொகை தருவதாகச் சொல்லிச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டுப் பேசிய காசைத் தரவில்லை என்று முறையிட்டார்கள். கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையை நோக்கி விசாரணை திரும்பியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டிருந்தது. பால்மாவுக்கும் காஸுக்கும் நாமெல்லாரும் வரிசையில் நின்ற ஆண்டு அது. கூலிவேலை இல்லாதவர், வாடகை கொடுக்க முடியாதவர், தரகர் ஒருவர் படியேறி வந்து “இரண்டில் ஒன்றுதானே, ஒன்றோடு வாழலாம்” என்று சொல்லும்போது என்ன சொல்லுவார்?

ஒரு சிறுநீரகத்தோடு வாழலாம் என்பது உண்மைதான். தாய் பிள்ளைக்கும், தம்பி அக்காவுக்கும் கொடுத்து நலமாக இருப்பதை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களுக்கு முன்கூட்டியே முழுப் பரிசோதனை நடக்கிறது, பிறகும் ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கப்படுகின்றன. கொடுத்தவர் இளம்பெண் என்றால் பின்னர் கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்புக் கூடுதல் என்பதால் தனிக் கவனிப்பு வேண்டும். விலைக்கு விற்றவருக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. தையல் பிரித்த நாளோடு அவர் நோயாளி இல்லை, சாட்சியும் இல்லை. சட்டவிரோதம் செய்தோம் என்ற பயத்தில் கிளினிக்குக்கும் வரமாட்டார்.

இந்த வியாபாரத்துக்கும் எல்லை கிடையாது. 2016 ஜனவரியில், இந்தியாவின் தெலங்கானா மாநில நல்கொண்டா பொலிஸார், இந்தியர்கள் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டுச் சிறுநீரகம் எடுக்கப்படுவதாக வெளிப்படுத்தினார்கள். அதையடுத்து வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை இலங்கை அரசு தற்காலிகமாக நிறுத்தியது. உறுப்புக்கு விலை பேசுவதை 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றுச் சட்டம் ஏற்கெனவே தடைசெய்திருக்கிறது.

நான்காவது, எழுந்து போகும் உரிமை. இது கடல் கடந்து வந்திருக்கும் தோழிகளுக்காக. மெல்பேணில் ஒரு தமிழ்த் தம்பதி, தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த ஒரு வயதான பெண்ணை 2007 முதல் 2015 வரை எட்டு ஆண்டுகள் வீட்டில் அடிமையாக வைத்திருந்தார்கள். சமைப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் அவர் வேலை. அதற்கு முன்பும் அந்த வீட்டுக்கு வந்து, வேலை செய்து, ஊர் திரும்பியவர்தான். இம்முறை திரும்ப விடவில்லை. ஊரிலிருந்த உறவினர்கள் அனுப்பச் சொல்லிக் கேட்டும் அனுப்பவில்லை. 2015 ஜூலையில் அம்புலன்ஸில் வைத்தியசாலைக்கு வந்தபோது அவருடைய நிறை ஏறத்தாழ 40 கிலோ. கவனிக்கப்படாத நீரிழிவு, இரத்தத்தில் கிருமித்தொற்று. பதிவில் கொடுக்கப்பட்டதும் பொய்ப்பெயர். 2021 ஜூலையில் விக்டோரியா உயர்நீதிமன்றம் மனைவிக்கு எட்டு ஆண்டுகளும் கணவனுக்கு ஆறு ஆண்டுகளும் சிறை விதித்தது. முதலில் வந்தபோது அவர் சம்மதித்திருக்கலாம். முதல் நாள் சம்மதம் எட்டு ஆண்டுக்குச் செல்லுமா? போக வேண்டும் என்று சொன்ன அன்றே அந்தச் சம்மதம் முடிந்துவிட்டது.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நாங்கள் சட்டத்தரணிகள் அல்லர், அந்தத் துறைக்குப் போன நமது சகோதரிகள் சபையில் இருக்கிறார்கள், பிழை இருந்தால் திருத்துவார்கள்.

மனித வியாபாரத்துக்கு உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட விளக்கம் 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பலேர்மோ நெறிமுறையில் இருக்கிறது. இலங்கை அந்த ஆண்டே ஒப்பமிட்டது, 2015இல் உறுதிப்படுத்தியது. அந்த விளக்கத்தை மூன்று கேள்விகளாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். என்ன செய்தார்கள்? ஆள் சேர்த்தல், கொண்டுசெல்லல், கைமாற்றல், தங்கவைத்தல், பொறுப்பேற்றல். எப்படிச் செய்தார்கள்? மிரட்டி, பலவந்தப்படுத்தி, ஏமாற்றி, அல்லது ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தி. எதற்காகச் செய்தார்கள்? கட்டாய வேலை, அடிமைத்தனம், பாலியல் சுரண்டல், உறுப்பு எடுத்தல் போன்ற சுரண்டலுக்காக. இந்த வழிகளில் ஒன்று பயன்படுத்தப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது கணக்கிலேயே எடுக்கப்படாது என்று நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் இரண்டாவது கேள்வியே தேவையில்லை. செயலும் நோக்கமும் இருந்தாலே குற்றம்.

நமது தண்டனைச் சட்டக்கோவையில் 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 360சி பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஏமாற்றுதலோடு, ஒருவரின் பலவீன நிலையைப் பயன்படுத்துவதையும் அது குற்ற வழியாகக் கொள்கிறது. தண்டனை இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் இருபது ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் இருபது ஆண்டு வரை. அதே திருத்தத்தில் வந்த 358ஏ பிரிவு, கடனுக்குப் பிணையாக ஆளை வைத்து வேலை வாங்குவதையும் கட்டாய வேலையையும் அடிமைத்தனத்தையும் தனிக் குற்றங்களாக்குகிறது. “நாங்கள் கட்டின காசைக் கழிச்சுப் போட்டுப் போ” என்று சொல்லி ஒரு பெண்ணை வீட்டில் மறித்து வைப்பவர் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இப்போது எங்கள் நாலு விடயங்களையும் சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொய்யான விபரம் என்றால் அது ஏமாற்று. வயது போதாது என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வறுமையின் நெருக்குதலைக் காட்டிக் காரியம் சாதித்தால் அது பலவீனத்தைப் பயன்படுத்தல். போக விடாவிட்டால் அது கட்டாய வேலை. வைத்தியமும் சட்டமும் இரண்டு வழியால் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் பலர் முறையிடுவதில்லை? வெட்கம் ஒன்று. கடன் இன்னொன்று. போனவள் வாய்திறந்தால் ஊரில் தரகர் கடன்காரனோடு வீட்டு வாசலில் நிற்பார். மூன்றாவது, தானே குற்றவாளி ஆகிவிடுவேனோ என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும் இன்னும் நம் புத்தகத்தில் இருக்கின்றன. விடுதியொன்று சுற்றிவளைக்கப்படும்போது, விற்கப்பட்டு அங்கே வந்தவளும் மற்றவர்களோடு சேர்ந்து நீதிமன்றக் கூண்டில் நிற்க நேரலாம். நீ எப்படி இங்கே வந்தாய் என்ற ஒரு கேள்வியை யாராவது தனியாக, மரியாதையாகக் கேட்டால்தான் அவள் குற்றவாளியா பாதிக்கப்பட்டவளா என்பது தெரியவரும். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம் 2015இல் முதலில் வந்தது, இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். மிரட்டலிலிருந்து பாதுகாப்புக் கேட்கவும், இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் அது வழி தருகிறது. இந்த உரிமை இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளாக நாம் இருக்கலாம். அதற்காகத்தான் இந்த உரை.

நமது சங்கத்தில் வைத்தியர்கள், தாதியர், ஆசிரியைகள், வங்கி அலுவலர்கள், சட்டத்தரணிகள், குடும்பத் தலைவிகள் எல்லோரும் இருக்கிறோம். வைத்தியத்துறைத் தங்கைமாருக்கு முதலில் சொல்கிறோம். நோயாளியிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் கூட வந்தவரே பதில் சொன்னால் கவனியுங்கள். தான் இருக்கும் விலாசம் தெரியாதவர், வெவ்வேறு காலத்துக் காயங்கள் உள்ளவர், நோய் முற்றிய பிறகே கொண்டுவரப்பட்டவர், இவர்களை எப்படியாவது தனியாகப் பாருங்கள். மொழிபெயர்க்கக் கூட வந்தவரை விடாதீர்கள். மூன்று கேள்வி போதும். உங்கள் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் யாரிடம் இருக்கின்றன? வீட்டாரோடு நினைத்த நேரம் பேச முடிகிறதா? வேலையை விட்டுப் போகிறேன் என்றால் என்ன நடக்கும்? பதிலைக் கேட்டதும் கூட வந்தவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அது அந்தப் பெண்ணைத்தான் பாதிக்கும். வார்ட்டில் அனுமதித்து வைத்துக்கொண்டு, சட்ட வைத்திய அதிகாரிக்கும் சமூக சேவை அலுவலருக்கும் அறிவியுங்கள்.

வீட்டிலோ அயலிலோ யாரும் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டால், அவரை இருத்தி வைத்துச் சில காரியம் செய்யச் சொல்லுங்கள். முகவர் நிலையத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். வீசாவை வாங்கிப் பாருங்கள். வேலைக்குப் போகிறவருக்குச் சுற்றுலா வீசா தந்திருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். “போய் இறங்கினதும் மாத்தித் தருவினம்” என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஒப்பந்தம் விளங்கும் மொழியில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம். கடவுச்சீட்டு, வீசா, ஒப்பந்தம் மூன்றையும் தொலைபேசியில் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆபத்தென்றால் சொல்வதற்கு ஒரு சொல்லையும் பேசி வையுங்கள். “மாமிக்குச் சுகமா?” என்று கேட்டால் ஏதோ பிழை என்று அம்மாவுக்கு விளங்க வேண்டும். அந்தச் சொல் தரகருக்குத் தெரியக் கூடாது.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். சம்பளத்தைத் தரகரிடம் கொடுக்காமல் அவர் பெயரில் கணக்குத் திறந்து போடுங்கள். கதவின் திறப்பும் அவருடைய தொலைபேசியும் அவரிடமே இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊரிலிருந்து வரவழைத்த அம்மாவோ சின்னம்மாவோ அடுத்த வீட்டில் வெளியே வராமல் இருந்தால் ஒருமுறை கதவைத் தட்டுங்கள். பிரித்தானியாவில் 2015இலும் அவுஸ்திரேலியாவில் 2018இலும் நவீன அடிமைத்தனத்துக்கெதிரான சட்டங்கள் வந்துவிட்டன. “அது அவையின்ர குடும்ப விசயம்” என்று மெல்பேணில் அக்கம்பக்கத்தவர் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

சில இலக்கங்களைச் சொல்கிறோம், தயவுசெய்து இப்போதே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். சிறுவர் தொடர்பாக 1929. பெண்கள் தொடர்பாக 1938. வெளிநாட்டு வேலைவாய்ப்புத் தொடர்பாக 1989. அவசரத்துக்குப் பொலிஸ் 119.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடமும் நூலகமும் பேசப்படுகின்றன, அவை வரட்டும். அவற்றோடு, சாதாரண தரமும் உயர்தரமும் முடித்து வெளியேறும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆண்டில் ஒரு நாள் ஒதுக்கித் தாருங்கள். ஒப்பந்தம் ஒன்றை எப்படி வாசிப்பது, வீசாவில் எதைப் பார்ப்பது, முகவரிடம் என்ன கேட்பது என்று சட்டத்தரணியாக உள்ள ஒரு பழைய மாணவியும் வைத்தியராக உள்ள ஒரு பழைய மாணவியும் சேர்ந்து சொல்லிக் கொடுக்கலாம். பெற்றோரையும் கூப்பிடலாம். காசு அதிகம் செலவாகாது. வைத்தியப் பக்கத்துக்கு நாங்கள் பெயர் தந்துவிட்டோம். சட்டப் பக்கத்துக்கு இந்த மண்டபத்தை விட்டுப் போகும் முன்பு இரண்டு பேராவது செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.